எங்கிருந்து வந்தது இந்த இரசம்?

கானாவூர்த் திருமணத்தைப் பற்றி நாம் கேட்டிருக்கும் மறையுரைகளுக்கு அளவில்லை. திருமணத் திருப்பலிகளில் அப்பகுதி வாசிக்கப்படுகிறது; அன்னை மரியாவின் பரிந்துரைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது; ஆண்டவர் செய்த முதல் அரும் அடையாளம் என்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் சிறுமியர் ஒப்புவிக்கின்றனர். இத்துணை பழகிய பகுதியில் ஒரு சிறு குறிப்பு நம் செவியில் விழாமலே போய்விடுகிறது. பந்தியை மேற்பார்த்தவர் புதிய இரசத்தைச் சுவைத்து வியக்கும் வேளையில், அதன் பிறப்பிடம் அவருக்குத் தெரியாது என்றும், தொட்டிகளை நிரப்பிய பணியாளர்கள் அதனை அறிந்திருந்தனர் என்றும் யோவான் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார்.

அந்த மேற்பார்வையாளர் அறியாதவர் அல்லர். நல்ல இரசம் எது, தாழ்ந்த இரசம் எது என்று ஒரு வாயில் பிரித்தறியும் நாக்கு அவருக்கு உண்டு. அவர் அளித்த தீர்ப்பும் சரியானதே. நற்செய்தியில் நாம் காணும் முதல் சுவை வல்லுநர் அவர்தாம் எனலாம். ஆயினும் சுவை முழுவதும் அவரிடமும், உண்மை முழுவதும் பணியாளர்களிடமுமாக அந்தப் பந்தி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நாக்கு அறிந்ததைக் கை அறியவில்லை. கை அறிந்ததை நாக்கு அறியவில்லை.

இன்றைய சுவை வல்லுநரோ நேர் எதிரான பெருமையை உடையவர். எங்கிருந்து வந்தது என்பதே அவருக்கு முதற்கேள்வி. உயர்ந்த செந்நிற இரசங்களுள் 'ஒற்றைத் தோட்டத்து இரசம்' என்று ஒரு வகை உண்டு. பல ஊர்த் திராட்சைகளைக் கலந்து வடிக்காமல், வரப்பிட்டுக் காட்டக்கூடிய ஒரே தோட்டத்தில் விளைந்த பழங்களை மட்டும் கொண்டு வடிப்பது அது. புட்டியின் மேல் அந்தத் தோட்டத்தின் பெயரும் விளைந்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். சரிவு எந்தத் திசை நோக்கியது, அடியில் சுண்ணாம்புப் பாறையா களிமண்ணா, அவ்வாண்டு மழை அறுவடைக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் வாங்குபவருக்குச் சொல்லப்படும். அவ்வளவு தெரிந்துகொள்வதற்காகத்தான் அவ்வளவு விலை.

இதனை வெளிநாட்டார் செருக்கு என்று நம் சேலத்து மக்கள் தள்ளிவிட முடியாது. மாம்பழக் காலத்தில் நாம் செய்வதும் இதுதானே! மல்கோவாவா, இமாம்பசந்தா, நடுசாலையா, குண்டா என்று கேட்டு நிறைவடையாமல், எந்த ஊர்த் தோப்பு என்று கேட்டு, காம்படியை முகர்ந்து பார்த்த பின்னரே கூடையில் கை வைக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஏற்காட்டு மலையில் 1820-களிலேயே காப்பிச் செடி வந்துவிட்டது. அம்மலைக் காப்பியைத் தோட்டத்தின் பெயர் சொல்லி விற்பதும் உண்டு. ஆகவே ஒரு பொருளில் அதன் மண்ணைச் சுவைப்பது நமக்குப் புதிதன்று.

சுவைக்கும் முறையையும் சற்றுச் சொல்ல வேண்டும். ஏனெனில் இக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் கொணரும் புட்டிகள் நம் ஊர்களிலும் திறக்கப்படுகின்றன. உள்ளங்கைச் சூடு ஏறாதவாறு தண்டுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் தண்டைப் பற்ற வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றலாகாது. வெள்ளைத் துணியின் மேல் சாய்த்து நிறம் பார்ப்பர். மெல்லச் சுழற்றி மணம் எழுப்புவர். அதன் பின்னரே ஒரு வாய். நாக்குக்குத் தெரிவது சில அடிப்படைச் சுவைகளே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. செந்நிற இரசத்தின் துவர்ப்பு பழத்தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. இளம் இரசத்தில் அது முரடாக இருக்கும். அகன்ற குடுவையில் ஊற்றிச் சிறிது நேரம் காற்றாட விட்டால் மணம் விரிந்து முரடு சற்றே தணியும். 'அறை வெப்பத்தில் பரிமாறுக' என்று நூல்களில் எழுதியிருப்பதை நம்பிச் சித்திரை மாதத்துச் சேலத்தில் யாரேனும் பரிமாறினால் காய்ச்சிய கஷாயத்தைப் பரிமாறியதாகவே முடியும். அந்நூல்கள் சொல்லும் அறை ஐரோப்பியக் கல்வீட்டின் அறை. 16 முதல் 18 பாகை வரையிலான வெப்பம் அது.

எந்த உணவோடு எது பொருந்தும் என்பதும் ஒரு கலையே. ஆட்டிறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். எனவே மிளகு சேர்த்த ஆட்டுக்கறி பொருந்தும். காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக வரும் பள்ளிபாளையம் கோழிக்கறியோடு துவர்ப்பும் போதையும் மிகுந்த இரசத்தை வைத்தால் காரம் இருமடங்காகிவிடும். நாமக்கல் உலகுக்கு அனுப்பும் முட்டையோ எந்தச் செந்நிற இரசத்தோடும் எளிதில் இணங்காது. மஞ்சள் கரு நாக்கின் மேல் படலமாகப் படிந்து சுவையை மறைத்துவிடும். நம் இரு மாவட்டங்களின் புகழ்பெற்ற உணவுகள் இரண்டும் இந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன என்பதை எண்ணும்போது நமக்குச் சற்றே சிரிப்பும் வருகிறது.

இது நிற்க. இவ்வளவு நுணுக்கமாக ஒரு பானத்தை அறிவது நற்பண்பா, வீண் பகட்டா என்பதே நாம் எண்ண விழைவது.

தோட்டம் தோட்டமாகப் பிரித்தறியும் இப்பழக்கத்தைப் பேணி வளர்த்தவர்களுள் துறவியர் முதன்மையானவர்கள். 1098-இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சித்தோ என்னும் இடத்தில் தோன்றிய சிஸ்டெர்சியன் துறவு மடம், அடுத்த நூற்றாண்டில் வூஜோ என்ற ஊரில் நிலம் பெற்றுத் திராட்சை பயிரிட்டது. நாளடைவில் அதைச் சுற்றி மதில் எழுந்தது. ஏறக்குறைய 125 ஏக்கர் பரப்புள்ள அந்த மதிற்தோட்டம் இன்றும் நிற்கிறது. அருகிலேயே தார் என்ற மடத்தின் கன்னியர் 1141-இல் ஒரு சிறு தோட்டத்தை வாங்கினர். பதினெட்டு ஏக்கருக்குச் சற்று மிகுந்த அந்நிலம் இன்றுவரை துண்டாடப்படாமல் ஒரே கையில் இருந்துவருகிறது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை அப்படியே கடைப்பிடிக்க விரும்பியவர்கள் இத்துறவியர். அந்த ஒழுங்கோ, துறவிக்கு மது தகாது என்ற கருத்தை நினைவூட்டி, தம் காலத்துத் துறவியரை அதற்கு இணங்கவைக்க இயலாது என்று பெருமூச்சும் விட்டு, நாளொன்றுக்கு ஒரு சிறு அளவை மட்டும் அனுமதிக்கிறது. மனித இயல்பை அறிந்த ஒரு தந்தையின் குரலாகவே அது நமக்குக் கேட்கிறது.

அளவிட்டுக் குடித்தவர்கள் எப்படி அளவற்ற நுணுக்கம் கற்றார்கள்? அவர்களே மண்ணைக் கொத்தினார்கள் என்பதுதான் விடை. குருத்துவம் பெறாத சகோதரர்களும் மற்றத் துறவியருமாகக் கொடியைக் கவாத்து செய்து, பழம் பறித்து, பிழிந்து, பீப்பாயில் அடைத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்தச் சரிவில் பனி முதலில் உருகும் என்பதைக் கால்கள் அறிந்திருந்தன. பிறப்பிடம் பற்றிய அறிவு அங்கே உழைப்பின் பயனாக விளைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்களின் நிலங்கள் பறிமுதலாகி 1791-இல் ஏலம் போயின. வூஜோ மதிலுக்குள் இன்று எண்பது பேர் அளவில் உரிமையாளர்கள் இருக்கின்றனர். மண்ணைப் பற்றிய துறவியரின் அறிவு அழியவில்லை, விலைப்பட்டியலில் ஏறிவிட்டது.

நம் மண்ணின் கதை வேறு. தத்துவப் போதகர் இராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேலத்திற்கும், இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலத்திற்கும் வந்தார் என்பது நம் மறைமாவட்டத்தார் பலரும் அறிந்ததே. அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் இத்தாலியின் மொந்தெபுல்சியானோ என்பதை அறிந்தோர் குறைவு. அவ்வூர் செந்நிற இரசத்திற்குப் பேர்போனது. திருத்தந்தை மூன்றாம் பவுலின் இரசக் கிடங்கைப் பேணிய சான்தே லான்செரியோ என்பவர், தெ நொபிலி பிறப்பதற்கு முன்பே அவ்வூர் இரசத்தைப் பாராட்டி எழுதிவைத்தார். இன்றும் 'வீனோ நோபிலே' என்ற பெயரோடு அது உலகெங்கும் விற்கப்படுகிறது.

அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் இங்கே காவி உடுத்து, ஊனும் மதுவும் நீக்கி, சோறும் காய்கறியும் பாலுமாக வாழ்ந்தார். மது தீயது என்று அவருடைய இறையியல் கூறியதா? இல்லை. குடியைக் கண்டு முகம் சுளிக்கும் மக்களிடையே வாழ வந்தவர் அவர். 'பறங்கி' என்ற சொல்லில் ஊனும் குடியும் அடங்கிக் கிடந்தன. உடன் அமர்ந்திருப்பவர் யார் என்று பார்த்துத் தம் கிண்ணத்தை அவர் கவிழ்த்து வைத்தார். அவ்வாறு கவிழ்த்து வைத்தவரும் ஒரே ஓர் இடத்தில் திராட்சை இரசத்தை விலக்க இயலவில்லை. திருப்பலிக் கிண்ணம் அது. தெ நொபிலியின் தழுவல் முறை, உயர்குலத்தார் முகத்தை மட்டும் பார்த்தது என்ற குறையும் உண்டு. அது தனியே ஆராயத்தக்கது. ஆனால் பரிமாறுதல் என்பது கிண்ணத்தைப் பற்றியதைவிட உண்பவரைப் பற்றியது என்னும் பாடத்தை அவரிடம் நாம் கற்கலாம்.

அவர் நடந்த அதே மண்ணில்தான் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டம் சேலம். இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதனுள் அடக்கம். அன்றைய பிரதமரான இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவியவர். அங்கிருந்து 1929-இல் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஓர் இதழ் நடத்தியவர். கள்வரியை இழந்த கருவூலத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி பிறந்தது. அந்த வரி நிலைத்துவிட்டது, மதுவிலக்கு நிலைக்கவில்லை. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அரசின் நிறுவனமே நடத்துகிறது.

அந்தக் கடைகளில் விற்கும் மதுவகைகளில் பெரும்பான்மை, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்திற்கு நிறமும் மணமும் ஊட்டியவை. அந்தக் கரும்பை யார் வெட்டினார், எந்த வயலில் வெட்டினார் என்று அதனைக் குடிப்பவர் எவரும் கேட்டதில்லை. கேட்டாலும் விடை சொல்வார் இல்லை. கடைக்கும் கீழே ஓர் உலகம் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிருக்குப் போராடியவர்களுள் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் குடித்ததில் இருந்தது மெத்தனால். பார்வைக்கும் மணத்திற்கும் அது சாதாரணச் சாராயத்தைப் போன்றதே. உடலுக்குள் சென்றபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பை அழிக்கும், உயிரையும் எடுக்கும். எந்த வல்லுநரின் நாக்கையும் நம்பி அதைப் பிரித்தறிய இயலாது. அங்கே காப்பாற்றக்கூடிய அறிவு ஒன்றே ஒன்றுதான்: இது எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நம் மனம் தடுமாறுகிறது. பிறப்பிடத்தை அறிவது எவருக்கு உயிர்ப் பிரச்சினையோ அவருக்கு அது மறுக்கப்படுகிறது; எவருக்கு அது இன்பத்தின் ஒரு கூறு மட்டுமோ அவருக்கு வரைபடத்தோடு வழங்கப்படுகிறது. பொட்டலத்தில் வாங்குபவருக்கு ஊரும் பேரும் இல்லை. பல்லாயிரம் ரூபாய்க்கு வாங்குபவருக்கு அத்தோட்டத்தின் பாறை வரை தெரிகிறது. தமிழில் இதற்கு ஒரு பழஞ்சொல் உண்டு. பந்தி வஞ்சனை. ஒரே பந்தியில் ஓர் இலைக்கு ஒன்றும் மற்றோர் இலைக்கு வேறொன்றும் வைப்பதை நம் முன்னோர் பெரும் பழியாகக் கருதினர். கானாவூர் மேற்பார்வையாளர் மணமகனிடம் சொன்ன உலக வழக்கை இச்சொல்லின் வெளிச்சத்தில் மீண்டும் பாருங்கள். முதலில் நல்ல இரசம். விருந்தினர் நிதானம் இழந்த பின்னர் தாழ்ந்த இரசம். அது சிக்கனம் அன்று, பந்தி வஞ்சனை. அறியும் ஆற்றலை இழந்தவனுக்கு எதையும் கொடுக்கலாம் என்பதே அதன் உட்பொருள். ஆண்டவர் அந்த வழக்கைக் கண்டித்து ஒரு சொல்லும் உரைக்கவில்லை, தலைகீழாக்கிக் காட்டினார். கடைசியில் வந்ததே மிகச் சிறந்ததாயிற்று.

திருச்சபை தன் கிண்ணத்தைப் பற்றி என்ன கேட்கிறது என்பதும் நோக்கத்தக்கது. நம் ஆலயங்களில் பயன்படும் இரசம் பெரும்பாலும் எளியது. எந்த வல்லுநரும் அதற்கு மதிப்பெண் இடமாட்டார். திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் எண், அது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. 2004-இல் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட ஏடு ஒருபடி மேலே செல்கிறது: உண்மைத்தன்மையிலோ பிறப்பிடத்திலோ ஐயமுள்ள இரசத்தைப் பயன்படுத்துவது முற்றிலும் விலக்கப்பட்டது. 2017-இல் அதே பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல், முன்பு துறவு இல்லங்கள் செய்துவந்த அப்பமும் இரசமும் இன்று பேரங்காடிகளிலும் இணையத்திலும் விற்கப்படுவதை எடுத்துக்காட்டி, அவற்றை ஆக்குவோர் நேர்மையும் பொறுப்பும் அறிவும் உடையவர்களா என்று கண்காணிக்கச் சொல்கிறது. சுவை எப்படி என்று இந்த ஏடுகள் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது, யார் செய்தார் என்றே கேட்கின்றன. காணிக்கை மன்றாட்டிலும், கொடியின் கனி என்றும் மனித உழைப்பின் பயன் என்றும் அதன் பிறப்பைச் சொல்லியவாறே குரு கிண்ணத்தை உயர்த்திப் பிடிக்கிறார்.

அப்படியானால் பிறப்பிடம் அறிந்துவிட்டால் போதுமா? போதாது என்று சொல்ல விவிலியத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது. நாபோத்தின் திராட்சைத் தோட்டம். அதைவிடத் தெளிவான 'ஒற்றைத் தோட்டம்' எங்கும் இல்லை. ஆகாபு அரசன் அதன் எல்லையை அறிவான். அரண்மனைக்கு அருகில் இருந்தபடியால் நாள்தோறும் கண்ணால் கண்டான். உரிமையாளன் யார் என்பதையும் அறிவான். அவன் அங்கே கீரைத்தோட்டம் போட நினைத்தான். நாபோத்துக்கோ அது மூதாதையர் விட்டுச்சென்ற உரிமை. விலை பேசியும் இணங்காதவனைப் பொய்ச் சாட்சியின் பேரில் கல்லால் எறிந்து கொன்றார்கள். தோட்டத்தை அறிவது ஒன்று. தோட்டக்காரனை மதிப்பது வேறொன்று. தோட்டத்தின் பெயர் பொறித்த புட்டியை வாங்குபவர் அங்கே பழம் பறிக்கும் பெண்களின் கூலியையும் அறிந்திருக்கிறாரா என்று நாம் கேட்டால், அது விருந்தைக் கெடுக்கும் கேள்வி என்று சிலர் வருந்தக்கூடும். வருந்தட்டும்.

இதனால் நல்ல இரசத்தைச் சுவைப்பதே குற்றம் என்று நாம் கூற வரவில்லை. படைப்பை இழிவாகக் கருதிய கொள்கைகளைத் திருச்சபை எக்காலத்திலும் ஏற்றதில்லை. கவனமாகச் சுவைப்பவர் பெரும்பாலும் குறைவாகவே குடிக்கிறார் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கிய மொழியில், மதுவிலக்குக்காகப் பெண்கள் இன்றும் கடைமுன் அமர்ந்து போராடும் நாட்டில், நாம் பரிமாறும் கிண்ணத்திற்கு ஐரோப்பிய மேசையில் இல்லாத ஒரு பாரம் உண்டு. குடியை விட்டு மூன்று மாதமே ஆன மைத்துனர் ஒருவர் பந்தியில் இருக்கிறார் என்றால், எத்துணை உயர்ந்த தோட்டத்துப் புட்டியும் அன்று திறக்கப்படாமல் இருப்பதே அதற்குச் செய்யும் சிறப்பு. சகோதரர் இடறி விழக் காரணமாகும் உணவையும் இரசத்தையும் விலக்குவதே நன்று என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதியது இத்தகைய மேசையை மனத்தில் கொண்டே. வெப்பம், குடுவை, கிண்ணம், கறி ஆகிய பொருத்தங்களைப் பார்ப்பவர் இந்தப் பொருத்தத்தை முதலில் பார்க்கட்டும்.

கானாவூரில் ஆறு கல்தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளும் என்பர் அறிஞர். ஒரு சிற்றூர்த் திருமணத்திற்கு, அதுவும் விருந்து பாதி முடிந்த நிலையில், அது மிகப் பெரிய அளவு. அத்தனை தண்ணீரையும் மொண்டு சுமந்த பணியாளர்களுக்கு அதில் ஒரு கிண்ணமாவது கிடைத்ததா என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. மேற்பார்வையாளர் சுவைத்தார், மணமகனை அழைத்தார், பாராட்டினார். பணியாளர்களை யாரும் அழைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள்.